நானூற்றுப் பன்னிரண்டு

மெச்செக் மலைக்குக் கீழே, பேச் நகரில்,
எங்கள் குழாயில் வரும் தண்ணீர்
கொஞ்சம் மலையையும் எடுத்துக்கொண்டுதான் வருகிறது.
கெட்டிலின் அடியில் வெள்ளையாய் உட்கார்ந்திருக்கும்,
ஷவரில் பாதித் துளைகளை அடைத்திருக்கும்.
எங்களுக்குப் பழகிவிட்டது. மீன்களுக்கு இல்லை.

மீன்கள் சில்லாவினுடையவை.
ஐந்து டிஸ்கஸ், ஒவ்வொன்றும் ஒரு சாஸர் அளவு.
பதினைந்து நாள் அவள் எல்லை தாண்டி லின்ஸில்
யாரோ ஒருவரின் தாயைக் குளிப்பாட்டுகிறாள்,
பதினைந்து நாள் இங்கே
மீன் தொட்டியைப் பார்த்தபடியே தூங்கிப்போகிறாள்.
போன தடவை ஒன்று கறுத்து, மூலையில் ஒதுங்கி நின்றது.
"இங்கே ரொம்பக் கடினம், ஜோம்போர்" என்றாள், பெட்டியை மூடியபடி.
தண்ணீரைத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

தண்ணீருக்காகப் பணத்தைத் தண்ணீராய்ச் செலவழித்தேன்.
பார்சலில் நான்கு வெள்ளைக் குடுவைகள்,
கலர் கலராய் மெல்லிய குழாய்கள்,
ஒரு நீலச் சாவி, போலிஷ் மொழியில் விளக்கத்தாள்.
பஸ் ஓட்டுகிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று
சிங்க்குக்கு அடியில் தலையை விட்டேன்.
முதல் குடுவையில் பஞ்சு, துருவுக்கும் மணலுக்கும்.
அடுத்ததில் கரி, குளோரினுக்கு.
அப்புறம் சவ்வு.
காகிதச் சுருள் மாதிரி இருக்கும் அதன் வழியே
தண்ணீரைத் தவிர வேறெதுவும் போகக் கூடாது.
கடைசியில் ரெசின் மணிகள், நீல நிறம்;
களைத்துப்போனால் பழுப்பாகுமாம்.
டெஃப்லான் டேப்பை எதிர்த்திசையில் சுற்றியிருக்கிறேன்,
முகத்தில் பீச்சியபோதுதான் தெரிந்தது.
ஒரு வாளி நல்ல தண்ணீருக்கு
மூன்று வாளி சாக்கடைக்கு.
அது சின்ன எழுத்தில் இருந்தது; எண்களுக்கு மொழி வேண்டாமே.

மீட்டரை முக்கினேன். குழாயில் நானூற்றுப் பன்னிரண்டு.
மறுமுனையில், நூலாய் விழுந்த நீரில்,
ஒன்பது, நான்கு, பிறகு பூஜ்ஜியம்.
விரலை நனைத்து நாக்கில் வைத்தேன்.
யாரும் குடியேறாத ஃப்ளாட் மாதிரி இருந்தது.

மணிக்கு எட்டு லிட்டர்தான் சொட்டும்.
கேன் நிறைய மூன்று மணி நேரம்.
நைட் ஷிப்ட் முடித்து வந்தவன் நான்.
சோபாவின் ஓரத்தில், ஷூவைக்கூடக் கழற்றாமல்,
சும்மா உட்கார்ந்தேன்.

கதவைத் தட்டியது பிரோஷ்கா,
கீழ்வீடு, தபால் ஆபீஸ் கவுண்ட்டர்.
தலையில் ஈரத்துண்டு, கையில் மாப்.
"என் சமையலறையில் மழை பெய்கிறது" என்றாள்.
கத்தவில்லை. அதுதான் மோசம்.
உள்ளே ஓடி, பூஜ்ஜியத்தின் மேல் வழுக்கி விழுந்தேன்.

துடைத்து முடித்ததும்
மீட்டரை வாங்கிக்கொண்டு கீழே போனாள்.
திரும்பி வந்து, "எனக்கும் நானூற்றுப் பன்னிரண்டு!" என்றாள்,
லாட்டரியில் பாதிப் பரிசு விழுந்தவள் போல.
"கூரையிலிருந்து சொட்டியதில்?"
"அறுபது."
நம் இருவருக்கும் நடுவிலிருந்த கான்கிரீட்டைக்
கொஞ்சம் தின்றுவிட்டுப் போயிருக்கிறது அந்தச் சுத்தம்.
மாடிப்படி கழுவ ஆகும் என்று
கழிவு நீரில் இரண்டு வாளி தூக்கிக்கொண்டு போனாள்.

மீன்களுக்குப் பூஜ்ஜியம் ஆகாது.
உப்பில்லாப் பண்டம் குப்பையிலே;
தண்ணீருக்கும் அதே கதைதான்.
எல்லாவற்றையும் எடுத்த பிறகு
சாம்பல் நிறப் பொடி ஒன்றரைக் கரண்டி போடவேண்டும்,
மலையைக் காசு கொடுத்து வாங்கி,
டப்பாவிலிருந்து.
நூற்றிருபதில் நிறுத்தினேன்.

வெள்ளிக்கிழமை சில்லா வந்தாள்.
கோட்டைக் கழற்றாமல் தொட்டியின் முன் நின்றாள்.
மூலையில் கிடந்தது இப்போது நடுவில்,
நீலக் கோடுகளோடு, எங்களைப் பார்க்காமல்.
"தண்ணியை என்ன செய்தாய்?"

கீழே கூரையில் கறை இன்னும் காயவில்லை,
பெயிண்ட் வாங்கவேண்டும், பில் வேறு வரும்.
சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
அவள் விரல் முட்டிகளில் தோல் வெடித்திருந்தது.
"முதலில் டீ போடு" என்றாள்.
எந்தத் தண்ணீரில் என்று கேட்டேன்.
"குழாய்த் தண்ணீரில்தான்," என்றாள், "வேறெதில்?"